பத்துக்கு எட்டு வாங்கிய பள்ளிக்கூடம்

கலிஃபோர்னியாவில் வீடு தேடுகிற நம்ம ஆட்கள் முதலில் பார்ப்பது சதுர அடியையும் இல்லை, வாசல் எந்தத் திசை என்பதையும் இல்லை. ஜில்லோவிலோ ரெட்ஃபினிலோ வீட்டுப் படங்களைத் தாண்டிக் கீழே போனால் ஒரு சின்ன வட்டம் வரும், அதற்குள் ஓர் எண். அந்த முகவரிக்குரிய எலிமெண்டரி பள்ளி பத்துக்கு எத்தனை வாங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஒன்பது, பத்து என்றால் வீட்டைப் பார்க்கவே கிளம்பிவிடுவார்கள். ஆறு என்றால் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள், உள்ளே மார்பிள் போட்டிருந்தாலும் சரி.

போன மாதம் ஒரு பாட்லக்கில் புதிதாக வீடு தேடும் தம்பதி ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. “அக்கா, வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஸ்கூல் ஏழுதான். நாலு தெரு தள்ளிப் போனா ஒன்பது. விலைதான் பயங்கரமா ஏறுது. என்ன பண்ணலாம்?” என்று அந்தப் பெண் கேட்டாள். குழந்தைக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. கையில் புளியோதரைத் தட்டை வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக அது இல்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நாலு தெருவுக்கு விலை ஏறுவது இன்று நேற்று நடப்பது இல்லை. சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். பாஸ்டனைச் சுற்றியுள்ள புறநகர்களில், ஒரே ஊருக்குள், இரண்டு எலிமெண்டரி பள்ளிகளின் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் வீடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். அக்கம்பக்கம் ஒன்றுதான், கடை கண்ணி ஒன்றுதான், பள்ளி மட்டும்தான் வேறு. பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக இருந்தால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பே ஏரியா விலையில் 2.5 சதவீதம் என்ன தொகை என்பதை அவரவர் மார்ட்கேஜ் பேப்பரை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வட்டத்து எண்ணைத் தருவது கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்கற்ற நிறுவனம். 1998-லிருந்து இருக்கிறது. அதற்கும் அடிப்படை, மாநிலம் நடத்தும் தேர்வுதான். 2000-களில் இங்கே வந்து இறங்கிய சீனியர்களைக் கேட்டால் “ஏபிஐ எவ்வளவு?” என்று பேசிய காலத்தைச் சொல்வார்கள். 200-லிருந்து 1000 வரை ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு எண். 800 என்பது அரசு வைத்த இலக்கு. நம்மவர்களுக்கோ 900-க்குக் கீழே என்றால் மனம் ஒப்பாது. அந்த எண் போய்ச் சேர்ந்துவிட்டது. 2015-லிருந்து ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு என்ற கணினித் தேர்வு. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு ஆண்டும், பிறகு பதினொன்றாம் வகுப்பில் ஒருமுறை, ஆங்கிலமும் கணக்கும்.

இதன் மாதிரித் தேர்வு யாரும் எழுதும்படி இணையத்தில் திறந்தே இருக்கிறது, பாஸ்வேர்டுகூட வேண்டாம். மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவள் தூங்கிய பிறகு நான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நாம் எழுதி வளர்ந்த சாய்ஸ் கேள்விகள் இல்லை. கணக்கில் ஒரு எண்கோட்டைக் கொடுத்து, பின்னத்தைச் சுண்டெலியால் இழுத்துச் சரியான இடத்தில் வைக்கச் சொல்கிறது. விடைகள் ஐந்தில் பொருந்துவது எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்கிறது, எத்தனை பொருந்தும் என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் கேள்விக்குப் பகுதி அ, பகுதி ஆ. முதலில் கதையிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கும். அடுத்து, உனக்கு அப்படித் தோன்ற வைத்த வரி எது என்று கேட்கும். உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்திருந்தது. உரைநூலை வரிக்கு வரி ஒப்பித்துப் பழகிய எனக்கு எட்டு வயதில் யாரும் “எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?” என்று கேட்டதில்லை.

உண்மைத் தேர்வில் இன்னொரு சங்கதி உண்டு. பிள்ளை சரியாகப் போடப் போட அடுத்த கேள்வி கடினமாகும்; தப்பாகப் போட்டால் எளிதாகும். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு ஒரே கேள்வித்தாள் கிடையாது. அதனால்தான் மதிப்பெண்ணும் வித்தியாசமாக வருகிறது.

மகளின் ரிப்போர்ட் வந்த அன்று விருதுநகரிலிருந்து அம்மா போனில்.

“எத்தனை மார்க்கு வாங்கியிருக்கா?”

“2478, இங்கிலீஷ்ல.”

“ரெண்டாயிரமா! எத்தனைக்கு?”

“மூணாம் வகுப்புக்கு 2623 வரைக்கும் போகும்மா.”

“அப்போ நூத்துக்குத் தொண்ணூத்திநாலு சொச்சம் வருதே. நல்லாத்தான் போட்டிருக்கா.”

அந்த அளவுகோலின் அடிமட்டமே 2114 என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு 2432 வாங்கினால் ‘தரத்தை எட்டியவர்’, 2490 என்றால் ‘தரத்தைத் தாண்டியவர்’ என்று அப்போது சொன்னார்கள். மொத்தம் நாலு படி, இவள் மூன்றாவது படியில். இந்த மதிப்பெண்ணால் அவளுக்குப் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. பள்ளி தரும் ரிப்போர்ட் கார்டு கிரேடில் சேர்வதும் இல்லை. வேண்டாமென்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் தேர்விலிருந்து விலக்கும் உண்டு, இந்த மாநிலச் சட்டம் அதை அனுமதிக்கிறது. தேர்வு எழுதுவது குழந்தை, மார்க் வாங்குவது பள்ளி. பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று தெருமுனை வரைக்கும் போஸ்டர் ஒட்டிய ஊரிலிருந்து வந்த நமக்கு இது உறைக்கக் கொஞ்சம் காலம் பிடிக்கிறது.

சரி, பள்ளி என்ன மார்க் வாங்குகிறது? மூன்றாவது, நாலாவது படிகளில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்பதுதான் கணக்கு. 2024-ல் கலிஃபோர்னியா முழுவதும் ஆங்கிலத்தில் 47 சதவீதம், கணக்கில் 35.5 சதவீதம். குப்பர்டினோ பக்கமோ, ஃப்ரீமாண்ட்டின் மிஷன் சான் ஹோசே பக்கமோ போனால் 80-ஐத் தாண்டும் எலிமெண்டரி பள்ளிகளைச் சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம். அங்கே அவ்வளவு அற்புதமாகச் சொல்லிக் கொடுக்கிறார்களா?

மாநிலக் கல்வித்துறையின் தளத்தில் ஏதாவது பத்துப் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிவைக் கையால் மறைத்துக்கொண்டு, ‘பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்’ எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பாருங்கள். இலவச மதிய உணவுக்கோ சலுகை விலை உணவுக்கோ தகுதியுள்ள பிள்ளைகளும், அப்பா அம்மா இருவருமே உயர்நிலைப் பள்ளி முடிக்காத பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருவார்கள். அந்த ஒரு எண்ணை வைத்தே எந்தப் பள்ளி மேலே, எது கீழே என்று ஓரளவு வரிசைப்படுத்திவிடலாம். பிறகு கையை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், ஒரு டீச்சரைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடக்கூடிய ஓர் எண்ணைப் பள்ளியின் தரம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1966-ல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 4,000 பள்ளிகள், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் என்று அரசுக்காக நடத்திய பிரம்மாண்டமான ஆய்வே, மதிப்பெண் வித்தியாசத்துக்குப் பள்ளியின் கட்டடம், நூலகம், செலவுத் தொகையைவிடக் குடும்பப் பின்னணிதான் பெரிய காரணம் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து ஸ்டான்ஃபோர்டில் ஷான் ரியர்டன் என்ற பேராசிரியர் அமெரிக்கா முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 11,000 பள்ளி மாவட்டங்களின் தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார். சராசரி மதிப்பெண்ணும் குடும்பங்களின் வசதியும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி சேர்ந்தே நகர்ந்தன. ஆனால் அவர் இன்னொன்றையும் பார்த்தார். மூன்றாம் வகுப்பில் இருந்த இடத்திலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறார்கள் என்று. அந்த வளர்ச்சிக்கும் வசதிக்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை.

அதில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது சிகாகோ. நம்ம ஆட்களிடம் சிகாகோ நகரப் பள்ளி என்று சொன்னாலே நேப்பர்வில் புறநகருக்கு ஓடிவிடுவார்கள். பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள், மூன்றாம் வகுப்பில் தேசிய சராசரிக்கு வெகு கீழே. ஆனால் 2009-லிருந்து 2014 வரை அந்தப் பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுப் படிப்புக்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். பெரிய மாவட்டங்களில் அந்த வேகம் வேறெங்கும் காண்பது அரிது. வட்டத்துக்குள் எண் போட்டிருந்தால் அந்தப் பள்ளிகளில் பலவற்றுக்கு மூன்றோ நாலோதான் கிடைத்திருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பத்துக்குப் பத்து வாங்கும் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எண்பதாம் சதமானத்தில் நுழைந்து எண்பதாம் சதமானத்திலேயே வெளியே வரலாம். பள்ளி எதையும் கெடுக்கவில்லை, பெரிதாகக் கூட்டவும் இல்லை. அந்தப் பக்கத்துப் பிளாசாக்களில் சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நின்று பாருங்கள். குமான் வாசலில் ஒரு வரிசை, ரஷ்யன் மேத் வாசலில் ஒரு வரிசை, அபாகஸ், ஸ்பெல்லிங் பீ பயிற்சி. மே மாதம் தேர்வு எழுதும் பிள்ளையின் மூளைக்குள் பள்ளிக்கூட டீச்சர் போட்டது எவ்வளவு, பிளாசாவில் மாதச் சந்தா கட்டிப் போட்டது எவ்வளவு என்று கணினிக்குத் தெரியாது. பெருமை முழுவதும் பள்ளிக்கே போய்ச் சேர்கிறது, அங்கிருந்து வீட்டு விலைக்கும். குமான் கட்டணமும் கட்டி, அந்தக் குமானால் ஏறிய வீட்டு விலையையும் கட்டும் ஒரே இனம் நாம்தான் என்று எங்கள் வீட்டில் ஒருவர் சொல்வார்.

மாநிலம் தானும் ஒரு டாஷ்போர்டு வைத்திருக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஐந்து நிறம். பள்ளி சராசரியாகத் தரத்துக்கு எத்தனை புள்ளி மேலே அல்லது கீழே இருக்கிறது, போன ஆண்டைவிட ஏறியதா இறங்கியதா, இரண்டையும் சேர்த்து நிறம் தீர்மானமாகிறது. பத்துக்கு எத்தனை என்பதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த ‘ஏறியதா இறங்கியதா’ என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. போன ஆண்டு மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களின் சராசரியையும் இந்த ஆண்டு அதே வகுப்புகளில் இருப்பவர்களின் சராசரியையும் ஒப்பிடுகிறார்கள். ஐந்தாவது படித்தவர்கள் போய்விட்டார்கள், இரண்டாவதில் இருந்தவர்கள் வந்துவிட்டார்கள். அதே பிள்ளைகள் ஏறியதைப் பற்றிய கணக்கு இல்லை அது.

எலிமெண்டரி பள்ளி சின்னது என்பதும் சேர்ந்துகொள்ளும். ஒரு வகுப்புக்கு அறுபது பேர் என்றால் ஒரு பிள்ளையின் பங்கு மட்டும் ஒன்றே முக்கால் சதவீதம் அளவுக்கு வரும். கோடையில் நாலு குடும்பம் டெக்சாஸுக்கு மாறிப் போனாலே அந்த வகுப்பின் எண் ஆறேழு புள்ளி வரைகூட ஆடலாம். தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற இருவர் 2002-ல் இதைத்தான் எழுதினார்கள்: ஓராண்டு ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு தற்செயல், அதனால் பரிசு வாங்கும் பட்டியலிலும் சிறிய பள்ளிகள், தண்டனை வாங்கும் பட்டியலிலும் சிறிய பள்ளிகள். தேர்வு நாளில் வெளியே ஒரு நாய் குரைத்தால்கூட மாறிவிடும் என்று அவர்கள் சொன்னது இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. எங்கள் பள்ளி மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்தபோது பிரின்சிபல் அனுப்பிய மெயிலில் ஏகப்பட்ட ஆச்சரியக்குறிகள். அதற்கு அடுத்த ஆண்டு மெயில் வரவில்லை.

வாசிப்புத் தேர்வைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கணக்குக்கு எல்லை உண்டு, மூன்றாம் வகுப்பு என்றால் பெருக்கல், வகுத்தல், பின்னத்தின் தொடக்கம். வாசிப்புக்கு எல்லை எங்கே? 1988-ல் விஸ்கான்சினில் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களை வைத்து ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கும், ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைத் தாண்டிவிட்டார்கள். நம் அப்பாக்கள் யாரையாவது உட்கார வைத்து டி20 ஆட்டத்தின் ஆங்கில விமர்சனத்தைப் படிக்கக் கொடுங்கள், ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்வார்கள். காட்டில் கூடாரம் போட்டு மார்ஷ்மெல்லோ சுடும் கதையைக் கொடுத்தால் திணறுவார்கள். தேர்வு அளப்பது வாசிப்பை மட்டுமே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளை எதையெதையெல்லாம் பார்த்திருக்கிறது, கேட்டிருக்கிறது என்பதும் அதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் நேரத்தைக் குறைத்து வாசிப்புப் பயிற்சித்தாளாகக் கொடுத்துத் தள்ளும் பள்ளிகள் தங்கள் தலையில் தாங்களே மண் அள்ளிப் போட்டுக்கொள்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவும் சொன்னதால் தேர்வே வேண்டாம் என்கிற கட்சியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். 2002 ஜனவரியில் புஷ் கையெழுத்திட்ட ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம்தான் நாடு முழுக்க மூன்று முதல் எட்டு வரை ஆண்டுதோறும் தேர்வு என்று கொண்டுவந்தது. 2014-க்குள் நூறு சதவீதம் பிள்ளைகளும் தேறியாக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். யார் யோசித்து எழுதினார்களோ! அந்த அழுத்தத்தில் அட்லாண்டாவில் என்ன நடந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். 2009 தேர்வில் பிள்ளைகளின் விடைத்தாளில் தப்பான விடையை ரப்பரால் அழித்துச் சரியான வட்டத்தை நிரப்பியவர்கள் டீச்சர்கள். மாநில அரசின் விசாரணை 2011-ல் 44 பள்ளிகள், 178 ஆசிரியர்கள், பிரின்சிபல்கள் என்று பட்டியல் போட்டது. 2015-ல் பதினோரு பேருக்கு நீதிமன்றம் குற்றத்தீர்ப்பு சொன்னது. காரணமில்லாமல் குவிந்திருந்த அழிப்புத் தடங்கள்தான் காட்டிக்கொடுத்தன.

ஆனால் அதே சட்டம் இன்னொரு வேலையும் செய்தது. பள்ளியின் மொத்தச் சராசரியை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது, கறுப்பினப் பிள்ளைகள், லத்தீனோ பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும் என்றது. 85 சதவீதம் என்று மார்தட்டிய பல புறநகர்ப் பள்ளிகளில் அந்த 85-க்குப் பின்னால் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் வெளியே வந்தது. தேர்வு இல்லையென்றால் இது எதுவுமே தெரிந்திருக்காது.

பள்ளியால் எதையும் மாற்ற முடியாது, எல்லாம் குடும்பம்தான் என்று சொல்பவர்களுக்கு மிசிசிப்பி ஒரு பதில். நாட்டிலேயே ஏழை மாநிலங்களில் ஒன்று. நாலாம் வகுப்பு வாசிப்புக்கான தேசியத் தேர்வில் 2013-ல் 209 புள்ளி, பட்டியலின் வாலில். அந்த ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். எழுத்தையும் ஒலியையும் முறையாகச் சேர்த்துக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள், மூன்றாம் வகுப்பு முடியும்போது வாசிக்க வராத பிள்ளைக்கு அதே வகுப்பில் இன்னொரு ஆண்டு. 2024-ல் 219. நாட்டின் அரசுப் பள்ளிகளின் சராசரி 214. பிள்ளைகளை நிறுத்தி வைப்பதால்தான் எண் ஏறிற்று என்று வாதாடுபவர்கள் உண்டு, அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். அதை மட்டும் வைத்துப் பத்தாண்டில் இவ்வளவு ஏற முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

பாட்லக்கில் கேட்ட அந்தத் தங்கச்சிக்கு வருகிறேன். வட்டத்து எண்ணைத் தட்டினால் உள்ளே அது எப்படி வந்தது என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். வெறும் தேர்வு மதிப்பெண் தனி, மாணவர் முன்னேற்றம் தனி. கிரேட்ஸ்கூல்ஸின் எண் வெள்ளையரும் ஆசியரும் நிறைந்த பள்ளிகளின் பக்கம் குடும்பங்களைத் தள்ளுகிறது என்று 2019-ல் சாக்பீட் என்ற கல்விச் செய்தித்தளம் கிழித்தது. அடுத்த ஆண்டே முன்னேற்றத்துக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். ஆகவே ஏழு என்றால் எதில் ஏழு என்று பார். முன்னேற்றம் எட்டாகவும் மதிப்பெண் ஆறாகவும் இருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன், அந்த வீட்டை வாங்குவேன். ஓராண்டைப் பார்க்காதே, மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார். 2020-ல் கோவிடால் தேர்வே நடக்கவில்லை, 2021-ல் பல பள்ளிகள் வேறு ஏதோ எழுதின, அந்த இடைவெளியை எதனோடும் ஒப்பிடாதே. பள்ளிக்கு நேரில் போனால் டீச்சர்கள் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார்கள் என்று கேள். எனக்குத் தெரிந்து எந்தத் தளமும் வட்டத்துக்குள் போடாத, ஆனால் நிறையச் சொல்லும் விவரம் அது.

கடைசியாக, கிண்டர்கார்ட்டனில் சேர்க்கும்போது ஒரு படிவம் தருவார்கள். குழந்தை முதலில் பேசிய மொழி என்ன, வீட்டில் அதிகம் பேசுவது என்ன, நீங்கள் குழந்தையிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள், வீட்டுப் பெரியவர்கள் எதில் பேசுகிறார்கள் என்று நாலு கேள்வி. ‘தமிழ்’ என்று எழுதினால் முப்பது நாளுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். சரளம் போதவில்லை என்றால் ‘ஆங்கிலம் கற்போர்’ பட்டியலில் பெயர் ஏறும், அதிலிருந்து வெளியே வரும் வரை ஆண்டுதோறும் அந்தத் தேர்வு. இந்தத் தொல்லை எதற்கு, நாலிலும் ‘இங்கிலீஷ்’ என்று எழுதிவிடுங்கள் என்பது நம் வாட்ஸாப் குழுக்களில் சுற்றும் அறிவுரை.

டாஷ்போர்டில் ‘ஆங்கிலம் கற்போர்’ பிரிவு எந்தப் பள்ளியிலும் கீழேதான் தெரியும். நன்றாகத் தேறுகிறவர்கள் பட்டியலை விட்டு வெளியேறிவிடுவார்கள், புதிதாக வருபவர்கள் உள்ளே வருவார்கள், அப்புறம் அது எப்படி மேலே வரும்? தேறி வெளியே வந்தவர்களை நாலு ஆண்டு வரை இந்தப் பிரிவோடு சேர்த்தே எண்ணுகிறார்கள் என்பதால் ஓரளவு ஈடாகிறது. அந்த நிறத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளியை மோசம் என்று ஒதுக்குபவர்களில் பாதிப் பேர், தங்கள் பிள்ளையின் படிவத்தில் இங்கிலீஷ் என்று எழுதியவர்கள். நாங்கள் நாலு கேள்விக்கும் தமிழ் என்றே எழுதினோம். வாரத்தில் சில நாள் தனி டீச்சர் அவளையும் ஒரு கொரியப் பையனையும், இரண்டு மெக்சிகோ பெண்களையும் உட்கார வைத்துப் பேச வைத்தார், காசு வாங்காமல். இரண்டாம் வகுப்பில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் குழந்தைக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. அந்தப் படிவம் வரும்போது என்னைக் கூப்பிடு.